தமிழ் டைப் அடித்தால் திருடனா?

கேள்வி: அண்ணாச்சி, அம்மன் கோவில் கொடை நோட்டீஸ் பாதி அடிச்சிருந்தேன். திரை மூலையில சிவப்புப் பெட்டி எட்டிப்பார்த்து ‘அபாயம் அகற்றப்பட்டது’ன்னு சொல்லிட்டுப் போயிடுச்சு. பார்த்தா, தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேரையே காணோம். எட்டு வருஷமா அதுலதான் அடிக்கேன். நேத்து வரைக்கும் நல்லவன், இன்னைக்குத் திருடனா?
— டிடிபி கடை வாசகி, பனவடலிசத்திரம்

பதில்: இன்றைக்கும் நல்லவனாகத்தான் இருப்பான், தங்கச்சி. மாறியது ஆன்டிவைரஸ் வைத்திருக்கும் சந்தேகப் பட்டியல். அது தினமும், சில சமயம் மணிக்கு மணி, புதுசாக வந்து இறங்குகிறது.

உங்கள் டைப்பிங் சாஃப்ட்வேர் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் சந்தேகத்தின் காரணம் புரியும். நீங்கள் ஒரு கட்டையைத் தட்டுகிறீர்கள். அது நீங்கள் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கருக்குப் போய்ச் சேருவதற்குள் டைப்பிங் சாஃப்ட்வேர் குறுக்கே கை நீட்டிப் பிடித்து, அதற்குப் பதிலாக ‘அ’வையோ ‘ம்’மையோ அனுப்பி வைக்கிறது. அதற்கு, நீங்கள் எந்தப் புரோகிராமில் எந்தக் கட்டையைத் தட்டினாலும் அந்தச் சாஃப்ட்வேருக்குத் தெரிந்தாக வேண்டும். இ-கலப்பை, அழகி, என்எச்எம் ரைட்டர் போன்ற கருவிகள் எல்லாம் கட்டையைக் கவனித்தே தமிழைத் தந்தவை.

கீலாகர் என்கிற திருட்டு நிரலும் முதலில் இதையே செய்கிறது. ஒவ்வொரு கட்டையையும் கவனிக்கிறது. வித்தியாசம் அதற்குப் பிறகுதான்: கவனித்ததைக் குறித்து வைத்து, பாஸ்வேர்டோடு வெளியே அனுப்பிவிடுகிறது. பால் ஊற்ற வருகிறவரும் விடியக்காலை நாலரைக்குத்தான் தெருவில் நடக்கிறார், நோட்டம் பார்க்க வருகிறவனும் அந்த நேரத்தில்தான் நடக்கிறான். நேரத்தை மட்டும் பார்த்துப் பிடிக்கிற காவல்காரர் ஒருநாள் பால்காரரைப் பிடிப்பார்.

இப்போது வேலைக்கு வருவோம். போன ஃபைல் பெரும்பாலும் அழிந்திருக்காது. ‘குவாரன்டைன்’ என்ற அறையில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். விண்டோஸோடு வந்த டிஃபெண்டர் என்றால், விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் ‘புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி’ என்ற பக்கத்தைத் திறங்கள். எந்த ஃபைல், எந்த ஃபோல்டரில் இருந்தது, என்ன பெயர் சொல்லிப் பிடித்தது என்று மூன்றும் இருக்கும். அதை செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

உடனே ‘ரீஸ்டோர்’ அழுத்திவிடாதீர்கள். எட்டு வருஷமாக நல்லவனாக இருந்த ஃபைலின் உடம்பில் நேற்று வந்த வைரஸ் ஒட்டியிருக்கலாம். எக்ஸ்இ ஃபைல்களுக்குள் புகுந்துகொள்ளும் வைரஸ் வகையே தனியாக உண்டு. ஆகவே அந்தச் சாஃப்ட்வேரைச் செய்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்து புதிதாக ஒருமுறை இறக்குங்கள். புது ஃபைலையும் அதே பெயர் சொல்லிப் பிடித்தால், ஆன்டிவைரஸின் தப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். புதுசை விட்டுவிட்டுப் பழையதை மட்டும் பிடித்தால், பழையதைத் தொடாதீர்கள்.

அதுவரை நோட்டீஸ் நிற்க வேண்டாம். விண்டோஸிலேயே தமிழ் 99 விசைப்பலகையும், ஆங்கில ஒலிப்பில் அடிக்கிற தமிழ் விசைப்பலகையும் இருக்கின்றன. உங்கள் சிக்கல் எனக்குத் தெரியும்: கை பழகியது டைப்ரைட்டர் முறைக்கு, வேலை பேஜ்மேக்கரில். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7 வந்தது 2001-இல். அதற்கு யூனிகோடு தமிழ் பிடிபடாது. இன்றைக்கு ஒரு நோட்டீஸை மட்டும் வேர்டில் யூனிகோடில் அடித்து பிடிஎஃப் ஆக்கிப் பிரஸ்ஸுக்கு அனுப்புங்கள். எழுத்து அழகு கொஞ்சம் குறையும், கொடைக்கு வருகிற கூட்டம் குறையாது.

கேள்வி: இவ்வளவு தொல்லை தருகிற ஆன்டிவைரஸைக் கழற்றி எறிந்தால் என்ன?
— ஜெராக்ஸ் கடை வாசகர், தேவர்குளம்

பதில்: பால்காரரைப் பார்த்துக் குரைத்தது என்று நாயை விற்காதீர்கள். பால்காரரை அதற்குப் பழக்குங்கள்.

பழக்குவதற்கு ‘எக்ஸ்குளூஷன்’ என்று ஒரு வசதி இருக்கிறது. சோதித்து உறுதி செய்த அந்த ஒரு ஃபைலை மட்டும் அதில் சேருங்கள். பல கடைகளில் நான் பார்ப்பது வேறு: ‘டி டிரைவ் முழுக்க விட்டுரு’ என்று சேர்த்து வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளர்களின் பென்டிரைவிலிருந்து ஃபைலை இழுத்துப் போடுகிற இடமும் அதே டி டிரைவ்தான்.

கேள்வி: ‘ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணுங்க, அது சும்மா கத்தும்’ என்று சாஃப்ட்வேர் போட்டுத் தருகிறவரே சொல்கிறார். நம்பலாமா?
— கணக்கு எழுதும் வாசகர், வன்னிக்கோனேந்தல்

பதில்: காசு கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேரா, ‘கிராக்’ போட்டதா? அவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். முகத்திலேயே பதில் தெரிந்துவிடும்.

கிராக் என்பது சாஃப்ட்வேரின் பூட்டை உடைக்க எழுதப்பட்டது. அதை எழுதியவர் யார், கூட வேறென்ன வைத்தார் என்பது போட்டுத் தருகிறவருக்கே தெரியாது. ‘சும்மா கத்தும்’ என்ற இரண்டு சொல் சமாதானத்தைக் கேட்டுத்தான் எத்தனையோ கடைகளில் கதவு திறந்திருக்கிறது. தவறான எச்சரிக்கைகளால் நடக்கும் பெரிய கேடு இதுதான் என்பது என் கருத்து. பத்து தடவை பொய்யாகக் கத்தினால், பதினோராவது தடவை உண்மையாகக் கத்தும்போது ஆஃப் பண்ணிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிறோம்.

கேள்வி: கோடி கோடியாகச் சம்பாதிக்கும் கம்பெனிகள். சோதித்துப் பார்க்காமலா அனுப்புவார்கள்? எப்படித் தப்பு நடக்கிறது?
— கல்லூரி மாணவர், மேலநீலிதநல்லூர்

பதில்: சோதிக்கிறார்கள். எதை வைத்துச் சோதிக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது, தம்பி.

2010 ஏப்ரல் 21-ஆம் தேதி மெக்காஃபி நிறுவனம் 5958 என்ற எண்ணுள்ள அப்டேட்டை அனுப்பியது. அது விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3-இல் இருக்கும் ‘எஸ்விசிஹோஸ்ட்’ என்ற ஃபைலை வைரஸ் என்று பிடித்துப் பூட்டிவிட்டது. விண்டோஸின் பல அடிப்படைச் சேவைகள் அந்த ஒரு ஃபைலுக்குள்தான் ஓடுகின்றன. கணினிகள் நெட்வொர்க் இழந்து, திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் சில மருத்துவமனைகள் அவசரச் சிகிச்சைக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. ஆஸ்திரேலியாவில் ஒரு பெரிய பலசரக்கு நிறுவனம் பில் போட முடியாமல் சில கடைகளை மூடியது.

அதற்கும் மூன்று வருஷம் முன்னால் நடந்ததுதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. 2007 மே மாதம், சைமன்டெக் நிறுவனத்தின் நார்ட்டன் ஆன்டிவைரஸ் விண்டோஸின் இரண்டு ஃபைல்களைப் பின்கதவு நிரல் என்று சொல்லி எடுத்துவிட்டது. ரீஸ்டார்ட் செய்த கணினிகள் மறுபடி எழவில்லை. பாதிக்கப்பட்டது விண்டோஸ் எக்ஸ்பியின் சீன மொழிப் பதிப்பு மட்டும். ஆங்கிலப் பதிப்பு வைத்திருந்தவருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

ஆன்டிவைரஸ் கம்பெனிகள் சுத்தமான ஃபைல்களின் பெரிய கிடங்கு ஒன்றை வைத்திருக்கின்றன. புதுச் சந்தேகப் பட்டியலை அனுப்பும் முன் அந்தக் கிடங்கில் ஓட்டிப் பார்த்து, நல்லவர் யாரும் மாட்டவில்லையே என்று உறுதி செய்கின்றன. கிடங்கில் எது இருக்கிறதோ அதற்குத்தான் அந்தக் காப்பு. உலகம் முழுக்க ஓடும் ஆங்கிலச் சாஃப்ட்வேர் அதில் நிச்சயம் இருக்கும். பனவடலிசத்திரம் கடையில் பாமினி எழுத்துருவோடு ஓடும் பத்து வருஷப் பழைய தமிழ்க் கருவி இருக்குமா? சீன மொழி விண்டோஸுக்கே அந்தக் கதி என்றால் நாம் கேட்டுப் பெற வேண்டியது எவ்வளவோ இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. விண்டோஸ் ஃபைலைத் தப்பாகப் பிடித்தால் உலகமே கத்துகிறது. 2010-இல் மெக்காஃபி சில மணி நேரத்திலேயே அந்த அப்டேட்டைத் திரும்பப் பெற்றது. ஐம்பது கடைகளில் மட்டும் ஓடும் ஒரு சாஃப்ட்வேரைத் தப்பாகப் பிடித்தால்? ஐம்பது பேரும் தனித்தனியாக ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். கம்பெனிக்குத் தெரியவே தெரியாது. அடுத்த அப்டேட்டிலும் அதே தப்பு தொடரும்.

கேள்வி: வைரஸ்டோட்டல் தளத்தில் ஃபைலைப் போட்டுப் பார்த்தேன். எழுபது ஆன்டிவைரஸ்களில் நான்கு வைரஸ் என்கின்றன. மெஜாரிட்டி பார்ப்பதா, நான்கு பேரை நம்புவதா?
— பள்ளி ஆசிரியை, சங்கரன்கோவில்

பதில்: ஓட்டு எண்ணாதீர்கள் டீச்சர், சாட்சியைப் பாருங்கள். நான்கும் நான்கு விதமான பெயர் சொல்கின்றனவா? ‘ஜெனரிக்’, ‘சஸ்பிஷியஸ்’, ‘ஹியூரிஸ்டிக்’ என்கிற மாதிரிப் பொதுப்பெயரா? அப்படியானால் சாயலைப் பார்த்துச் சந்தேகப்படுகின்றன, ஆளை அடையாளம் காணவில்லை. நான்கும் ஒரே குடும்பப் பெயரைச் சொன்னால் கவனியுங்கள்.

அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. காஸ்பர்ஸ்கி நிறுவனம் ஒரு சோதனை செய்து 2010-இல் வெளியிட்டது. ஒரு தீங்கும் இல்லாத 20 ஃபைல்களைச் செய்து, அதில் 10-ஐ மட்டும் வேண்டுமென்றே வைரஸ் என்று தன் பட்டியலில் சேர்த்து, எல்லாவற்றையும் வைரஸ்டோட்டலில் போட்டது. பத்தே நாளில் மற்றக் கம்பெனிகளும் அந்தப் பத்தையும் வைரஸ் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டன. அதிகபட்சம் 14 கம்பெனிகள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று நானும் சொன்னேன் என்பது நம் தெருவோடு நிற்கவில்லை.

வைரஸ்டோட்டல் 2004-இல் ஸ்பெயினில் தொடங்கப்பட்டு 2012-இல் கூகுளிடம் வந்த தளம். அங்கே போடும் ஃபைல் உங்களோடு நிற்காது, பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் கைக்கும் போகும். சாஃப்ட்வேர் ஃபைலைப் போடுங்கள். பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல், ஆதார் நகல் போன்றவற்றைச் சந்தேகம் வந்தாலும் அங்கே ஏற்றாதீர்கள்.

கேள்வி: என் மகன் விசைத்தறிக் கூலிக் கணக்குக்கு பைத்தானில் ஒரு புரோகிராம் எழுதினான். நன்றாக வேலை செய்கிறது. எந்தத் தறிக்கூடத்துக்குக் கொண்டு போனாலும் வைரஸ் என்று காட்டுகிறது. ‘உன் பையன் வைரஸ் வச்சிருக்கான்’ என்று பேசுகிறார்கள். பையன் சோர்ந்து போயிருக்கிறான்.
— விசைத்தறித் தொழிலாளி, சங்கரன்கோவில்

பதில்: இந்தக் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். உங்கள் மகன் தனியாள் இல்லை என்று முதலில் அவரிடம் சொல்லுங்கள். உலகம் முழுக்கச் சின்ன நிரலாளர்கள் இதே அவமானத்தைப் படுகிறார்கள்.

பைத்தானில் எழுதியதை எக்ஸ்இ ஆக்க அவர் அநேகமாக ‘பைஇன்ஸ்டாலர்’ என்ற கருவியைப் பயன்படுத்தியிருப்பார். அது நிரலையும் அதற்கு வேண்டிய சாமான்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி, முன்னால் ஒரு சின்னத் திறப்பு நிரலை வைக்கிறது. கட்டுகிறவர் யாராக இருந்தாலும் திறப்பு நிரல் ஒன்றே. இலவசக் கருவி என்பதால் வைரஸ் எழுதுகிறவர்களும் அதிலேயே கட்டுகிறார்கள். சில ஆன்டிவைரஸ்கள் உள்ளே இருக்கும் துணியைப் பார்க்காமல் சாக்கைப் பார்த்தே ‘இதே மாதிரிச் சாக்கில்தான் போன வாரம் கஞ்சா வந்தது’ என்று பிடித்துவிடுகின்றன.

மகனிடம் சொல்ல வேண்டியது: ஒரே ஃபைலாகக் கட்டாமல் ஃபோல்டராகக் கட்டச் சொல்லுங்கள். ஒற்றை ஃபைல், ஓடும்போது தன்னைத் தானே தற்காலிக ஃபோல்டரில் பிரித்துக்கொள்ளும், அந்த நடத்தையே சந்தேகத்தைக் கூட்டும். ‘யுபிஎக்ஸ்’ சுருக்கத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள். பைஇன்ஸ்டாலரின் புதிய பதிப்புக்கு மாறச் சொல்லுங்கள். முடிந்தால் அந்தத் திறப்பு நிரலைத் தன் கணினியிலேயே புதிதாகக் கம்பைல் செய்து கட்டட்டும். அப்போது அதன் முகம் மற்றவர்களுடையதிலிருந்து கொஞ்சம் மாறும். இவ்வளவிலேயே பல எச்சரிக்கைகள் அடங்கிவிடும்.

அடுத்தது முறையீடு. மைக்ரோசாஃப்ட் உட்படப் பெரிய ஆன்டிவைரஸ் நிறுவனங்கள், ‘நீங்கள் பிடித்தது தப்பு’ என்று ஃபைலை அனுப்பி முறையிட இடம் வைத்திருக்கின்றன. காசு கிடையாது. நிரல் என்ன செய்கிறது, யார் எழுதியது, எந்தப் பெயரில் பிடித்தது, ஆன்டிவைரஸின் பதிப்பு எண் என்ன என்று நான்கு வரியில் எழுதினால் போதும். திருத்தம் வந்தால் அடுத்த அப்டேட்டோடு எல்லாத் தறிக்கூடத்துக்கும் போய்ச் சேரும். புதுப் பதிப்பு கட்டினால் மறுபடி அனுப்ப வேண்டிவரலாம், அலுத்துக்கொள்ள வேண்டாம்.

‘கோட் சைனிங்’ சான்றிதழ் வாங்கிக் கையெழுத்திட்டால் மதிப்பு கூடும் என்பார்கள். உண்மைதான். ஆனால் வருஷத்துக்குப் பல ஆயிரம் ரூபாய். 2023 ஜூன் முதல் அதன் சாவியைத் தனி டோக்கன் போன்ற வன்பொருளில்தான் வைக்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்துகொண்டது. தறிக்கூலிக் கணக்குக்கு நிரல் எழுதும் பையனுக்கு அது கட்டாது. எத்தனை பேர் பதிவிறக்கினார்கள், எவ்வளவு நாளாக ஓடுகிறது என்று நம்பிக்கையை எண்ணிக்கையால் அளக்கும் வழக்கம் பெரிய கம்பெனிகளுக்கு வசதி. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் சாஃப்ட்வேர் நிறுவனமான சோஹோவின் அலுவலகம் இருக்கிறது. கிராமத்திலிருந்து உலகத்துக்குச் சாஃப்ட்வேர் போகிறது என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சாட்சி அது. ஒற்றை ஆளாக எழுதும் பையனுக்கும் வாசல் திறக்க வேண்டும், அதை ஆன்டிவைரஸ் கம்பெனிகளிடம் கேட்க நமக்கு உரிமை உண்டு.

தறிக்கூடத்தாரிடம் ஒரு வேண்டுகோள்: வந்த எச்சரிக்கையை வைத்துப் பையனைத் திட்டாதீர்கள். அந்தப் பெட்டியில் வந்தது புகார். விசாரணை இனிமேல்தான்.

கேள்வி: நம்ம ஊர்க்காரர்கள் செய்த ஆன்டிவைரஸ் கிடையாதா?
— மளிகைக் கடை வாசகர், குருக்கள்பட்டி

பதில்: ஏன் இல்லை? சென்னையில் கே7 இருக்கிறது, 1991-இல் தொடங்கியது. புனேயில் குவிக் ஹீல். தமிழ்க் கருவி ஒன்று தப்பாகப் பிடிபட்டால், தமிழ் தெரிந்த ஆய்வாளர் கையில் முறையீடு போய்ச் சேர வாய்ப்பு உள்ள இடங்கள் இவை. எழுதுங்கள்.

கேள்வி: பென்டிரைவில் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டது. ஆன்டிவைரஸ் கத்துகிறது. இதுவும் பொய் எச்சரிக்கைதானே?
— போட்டித் தேர்வு எழுதும் வாசகி, கரிவலம்வந்தநல்லூர்

பதில்: இல்லைம்மா, இது அசல் திருடன். ஷார்ட்கட்டைத் தொடாதீர்கள். அதை அழுத்துவதுதான் அவனுக்கு வேண்டும். உங்கள் ஃபைல்கள் பெரும்பாலும் அதே பென்டிரைவில் மறைத்து வைக்கப்பட்டிருக்கும். மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா 2017-இல் தொடங்கப்பட்டது. அதன் தளத்தில் சுத்தம் செய்யும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஹால் டிக்கெட்டை பிரின்ட் எடுக்கப் போகும்போது பென்டிரைவுக்குப் பதில் பிடிஎஃப்பை மெயிலில் அனுப்பி எடுங்கள்.

கேள்வி: நீங்கள் எழுதுவதைப் பார்த்தால் எச்சரிக்கை வந்தாலே பெரும்பாலும் பொய் என்று தோன்றுகிறதே?
— ஓய்வு பெற்ற அரசு ஊழியர், மானூர்

பதில்: அப்படித் தோன்றினால் என் பதில்களில் குறை இருக்கிறது, ஐயா. இதைக் கேளுங்கள்.

2019 அக்டோபர் கடைசியில் கூடங்குளம் அணுமின் நிலையக் கணினியில் தீநிரல் புகுந்தது என்று செய்தி பரவியது. அப்போது தென்காசி மாவட்டம் பிரியவில்லை. அது பிறந்தது அந்த நவம்பர் 22-இல்தான். அதுவரை கூடங்குளமும் நாமும் ஒரே மாவட்டம். அக்டோபர் 29-ஆம் தேதி நிலையத்தின் தரப்பிலிருந்து மறுப்பு வந்தது: பொய்ச் செய்தி, அங்கே சைபர் தாக்குதலுக்கு வழியே இல்லை என்று. மறுநாளே இந்திய அணுமின் கழகம், தீநிரல் கண்டறியப்பட்டது உண்மைதான் என்று அறிக்கை விட்டது. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் செப்டம்பர் 4-ஆம் தேதியே அதைத் தெரிவித்திருந்தது. இணையத்தோடு இணைந்த நிர்வாகப் பிரிவுக் கணினி ஒன்றில்தான் புகுந்திருந்தது, உலையை இயக்கும் அமைப்பு தனியாக இருந்ததால் அதைத் தொடவில்லை என்றும் அறிக்கை சொன்னது.

எச்சரிக்கை உண்மையாகவும் இருக்கும். அது உண்மையா என்று பார்க்கும் முன்னால் ‘வாய்ப்பே இல்லை’ என்று சொல்வதும், ‘ஐயோ வைரஸ்’ என்று டெலிட் அடிப்பதும் ஒரே அவசரம். சிவப்புப் பெட்டி வந்தால் கையை எடுத்துவிட்டு, என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நிமிஷம் படியுங்கள்.

கேள்வி: 2024-இல் உலகம் முழுக்கக் கணினிகள் நீலத்திரையாகி விமானங்கள் நின்றனவே, அதுவும் இந்த வகையா?
— செல்போன் கடை வாசகர், ஆலங்குளம்

பதில்: சொந்தக்காரர்தான், ஆனால் வேறு வீடு. ஜூலை 19-ஆம் தேதி கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய அப்டேட் எந்த நல்ல ஃபைலையும் வைரஸ் என்று சொல்லவில்லை. அப்டேட்டிலேயே பிழை இருந்ததால் விண்டோஸ் விழுந்தது. சுமார் 85 லட்சம் கணினிகள். நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கிரவுட்ஸ்ட்ரைக்கின் தலைவர் ஜார்ஜ் கர்ட்ஸ், 2010-இல் மெக்காஃபியில் அந்தப் பழைய தப்பு நடந்தபோது அங்கே தொழில்நுட்பத் தலைவராக இருந்தவர்.

கேள்வி: எந்த ஆன்டிவைரஸாவது தன்னையே வைரஸ் என்று பிடித்ததுண்டா?
— எட்டாம் வகுப்பு வாசகன், பனவடலிசத்திரம்

பதில்: உண்டு ராசா, ஒரு தடவைக்கு மேல். 2012 செப்டம்பரில் சோஃபோஸ் என்ற ஆன்டிவைரஸ், தானாக அப்டேட் ஆகும் சாஃப்ட்வேர்களை எல்லாம் சந்தேகப்பட ஆரம்பித்தது. அந்த வரிசையில் தன்னுடைய அப்டேட் ஃபைலையும் பிடித்துப் பூட்டிவிட்டது. தப்பைத் திருத்தும் அப்டேட்டைக் கம்பெனி உடனே அனுப்பியது. ஆனால் பல கணினிகளில் அதை உள்ளே வாங்க வேண்டிய ஆளே பூட்டிய அறைக்குள் இருந்தான். கணினி பார்த்துக்கொள்கிறவர்கள் ஒவ்வொன்றாகப் போய்க் கையால் திறந்துவிட வேண்டியிருந்தது. 2015 மார்ச்சில் பாண்டா என்ற ஆன்டிவைரஸும் தன் ஃபைல்களையே பிடித்தது. அப்போது அந்தக் கம்பெனி எல்லோரையும் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: தயவுசெய்து கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள்.